ரயில் வந்தது, நீதி எங்கே?

கதை பிடிக்காதவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவர்கள் பாவம்; சாப்பாடு, தூக்கம், சீட்டாட்டம் என்று தங்கள் பாட்டுக்கு இருப்பவர்கள். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வந்தது வேறோர் இனம். இந்த இனத்தார் கதையைத் தாங்களே தேடிப்போய்ப் பிடிப்பார்கள், அதன் சட்டையைப் பற்றி, 'நீதியை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய், எடு வெளியே!' என்று உலுக்குவார்கள், ஒரு வரி உதிர்ந்ததும் அதைப் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டு, கதையை வீதியில் விட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். செத்ததா பிழைத்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இவர்களைப் பார்த்ததில்லை என்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் வகுப்பில் இவர்களில் ஒருவரிடமாவது கை நீட்டி அடி வாங்கியிருப்பீர்கள்.

நான் கண்ட வரையில் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத உருப்படி கோதண்டபாணி வாத்தியார். எழுபதுகளில், திருத்தணியில், மலைப்படி ஏறுகிறவர்களின் அரோகரா காதில் விழும் தூரத்தில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஏ பிரிவு அவருடையது. நான் அங்கே டிரில் மாஸ்டர். டிரில் மாஸ்டருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று ஆசிரியர் அறையில் யாரும் நம்புவதில்லை. அதனால் என் முன்னால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசினார்கள். கழுத்தில் விசில் தொங்குகிறவனுக்குக் காது இருக்காதா என்ன?

கோதண்டபாணி கதைப்பாடம் நடத்தும் அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். உள்ளே வருவார். மேல்துண்டால் நாற்காலியைத் தட்டுவார். கரும்பலகையில் பாடத்தின் பெயரை எழுதி, அதன் கீழே 'நீதி' என்று எழுதி, அதற்கு ஓர் அடிக்கோடு இழுப்பார். அப்புறம் புத்தகத்தைத் திறப்பார். படிப்பதற்கு அல்ல, படம் பார்ப்பதற்கு. படத்தில் நரி இருந்தால் பேராசை கூடாது. எறும்பு இருந்தால் உழைப்பே உயர்வு. கிரீடம் வைத்த ஆள் இருந்தால் நடுவுநிலை தவறாமை. யாராவது கோலூன்றி நின்றால் முதியோரிடம் இரக்கம். நரியும் கிரீடமும் ஒரே படத்தில் இருந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் திணறுவார். பிறகு எது பெரிதாக வரையப்பட்டிருக்கிறதோ அதன் பக்கம் சாய்வார். "எழுதிக்கோ!" பிள்ளைகள் எழுதும். "சொல்லு!" பிள்ளைகள் கத்தும். முடிந்தது. கதையா? அதை வீட்டில் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "ஏன் சார், கிளாஸ்ல கதையப் படிக்கவே மாட்டீங்களா?"

"அது எதுக்கு மாஸ்டர்? கொட்டைய எடுத்துக் கையில குடுத்துட்டேன். சதைக்கு இன்னாத்துக்கு அலையணும்?"

மாம்பழத்தைப் பற்றியும் அவருக்கு இதே கொள்கைதானா என்று நான் கேட்கவில்லை.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு ஜூன் மாதத்தில் சோதனை வந்தது. பாடப்புத்தகத்தை மாற்றிவிட்டார்கள். புதுப் புத்தகத்தில் 'ரயில் வந்தது' என்று ஒரு கதை. படத்தில் நரி இல்லை, எறும்பு இல்லை, கிரீடம் இல்லை. ஒரு பெண் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ரயில்.

கதை சின்னக் கதைதான். பூங்காவனம் என்கிற சிறுமியைப் பட்டணத்து அத்தை வீட்டுக்குப் படிக்க அனுப்புகிறார்கள். விடியற்காலையில் அம்மா துணிமணிகளை மூட்டை கட்டுகிறாள். 'போய் வா' என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பா வாசலில் வண்டி பூட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்டேஷன் பெஞ்சில் மகளை உட்காரவைத்துவிட்டு, களத்தில் நெல் கிடக்கிறது என்று அப்பா திரும்பிவிடுகிறார். ஒரு நாய் வருகிறது. பூங்காவனம் கட்டுச்சோற்றில் ஒரு பிடியை அதற்கு வைக்கிறாள். ரயில் வருகிறது. நிற்கிறது. கார்டு பச்சைக்கொடி காட்டுகிறார். ரயில் போய்விடுகிறது. பூங்காவனம் மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கிறாள். வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. அவள் எங்கும் ஒதுங்கவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

கோதண்டபாணி கதையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அடுத்த பக்கத்தையும் புரட்டி, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறாத குறைதான்.

"பார்த்தீங்களா மாஸ்டர் அநியாயத்த? கதை எழுதுனவன் நீதி போட மறந்துட்டான்!"

கைடு இருந்தால் கவலை இல்லை. ஆனால் புதுப் புத்தகத்துக்குக் கைடு வர ஆடிக் கிருத்திகை ஆகிவிடும் என்று பஸ் ஸ்டாண்டு புத்தகக்கடை சேட்டு கையை விரித்துவிட்டார். அதுவரை என்ன செய்வது? கதையைப் படித்துப் பார்க்கலாம். அந்த யோசனை அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

"ரயில் கதைன்னா இன்னா நீதி மாஸ்டர் இருக்கும்?"

"டிக்கெட் எடுக்காம ஏறக்கூடாது."

அவர் சிரிக்கவில்லை. மனசுக்குள் எடைபோட்டுப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். மறுநாள் கரும்பலகையில் எழுதினார்: நீதி, காலம் தவறாமை. ரயில் போய்விட்டது, பெண் ஏறவில்லை, ஆகவே பெண் தாமதம். கோர்ட்டில்கூட இத்தனை சீக்கிரம் தீர்ப்பு வராது.

வகுப்பு எழுதிக்கொண்டது. கன்னியம்மாள் மட்டும் எழுந்து நின்றாள்.

கன்னியம்மாள் தறிக்காரர் ஜம்புலிங்கத்தின் மகள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். ஒல்லியான பெண், டிரில் வகுப்பில் நான் 'இடம் திரும்பு' என்றால், திரும்புவதற்கு முன்னால் எதற்கு என்பது போல ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

"சார், அவ லேட்டு இல்ல சார்."

"எவ?"

"பூங்காவனம் சார். ரயிலு வர்ற முன்னாடியே வந்து பெஞ்சில குந்திகினு கீறா சார். நாய்க்குச் சோறு வேற வைக்கிறா."

"அவகிட்ட கெடியாரம் இருந்துச்சா?"

"கெடியாரம் இல்ல சார். ஆனா ரயிலு வர்றப்ப அவ அங்கதான் கீறா."

"அப்ப ஏன்டி ஏறல?" என்று கத்தினார் கோதண்டபாணி.

வாசகர்களே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் தம் வாத்தியார் வாழ்க்கையில் ஒரு கதையைப் பற்றிக் கேட்ட ஒரே நல்ல கேள்வி இதுதான். அதையும் திட்டாகத்தான் கேட்டார்.

"அதத்தான் சார் நானும் யோசிச்சிகினு கீறேன்" என்றாள் கன்னியம்மாள்.

வகுப்பு சிரித்தது. பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். யோசித்துக்கொண்டே ஏறி நின்றாள்.

ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் சுவர். அந்தப் பக்கம் மனோன்மணி டீச்சர். மணவூரில் ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, தினமும் காலையில் மூச்சிரைக்க வந்து சேருகிறவர். மிஷன் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து வந்த புதுசு. ஆசிரியர் அறையில் அவரைப் பற்றி இருந்த ஒரே புகார், அவர் பாடப்புத்தகத்தைப் படிக்கிறார் என்பதுதான்.

ஒரு மழை நாள். மழை நாளில் டிரில் மாஸ்டருக்கு என்ன வேலை? இரண்டு வகுப்புகளும் தெரியும்படி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பி பிரிவில் அதே பாடம்.

"ரயில் நிக்குது. பூங்காவனம் எழுந்துக்கல. ஏன்?" என்றார் டீச்சர்.

"தூங்கிட்டா டீச்சர்!"

"எந்த வரியில தூங்குறா? காட்டு."

சொன்ன பையன் தேடிப் பார்த்தான். "இல்ல டீச்சர்."

"நாய் கட்ச்சிட்ச்சி டீச்சர்!"

"வரி?"

அதுவும் இல்லை. ஒரு பெண், பூங்காவனத்துக்கு அத்தையைப் பிடிக்காது என்றாள். அதற்கும் வரி கிடைக்கவில்லை. டீச்சர் யாரையும் உட்காரச் சொல்லி அதட்டவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் தாமே ஒருமுறை நிதானமாக, செய்தி வாசிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். பிறகு சொன்னார்: "அவ ஸ்டேஷனுக்கு வந்து மனசு மாறினாளா, வர்றதுக்கு முன்னாடியே மாறிட்டாளா? வாயால சொல்லாதீங்க. எந்த வரின்னு வெரல வைங்க."

பி பிரிவு அமைதியாகிவிட்டது. பிள்ளைகள் கூட்டம் அப்படி அமைதியாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தட்டிக்கு இந்தப் பக்கம் ஏ பிரிவு ஏதோ ஒரு நீதியை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கன்னியம்மாள் தட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வாய் நீதி சொல்லிக்கொண்டிருந்தது. விரல் மடியிலிருந்த புத்தகத்தில் ரயிலில் தொடங்கி, நாய், பெஞ்சு, வண்டி என்று மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. வாய் மூடிக்கொண்டது. நிமிர்ந்தாள். விடை கண்டுபிடித்த பிள்ளையின் முகம் அல்ல அது. தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட முகம்.

கோதண்டபாணி பிரம்பால் தட்டியில் ஓங்கித் தட்டினார். "டீச்சர்! இங்க கிளாஸ் நடக்குது!"

எதற்குத் தட்டினார் என்கிறீர்கள்? அந்தப் பக்கம் சத்தமே இல்லையே! அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை சும்மா இருந்தால் அது யோசிக்கிறது என்று அர்த்தம். யோசிக்கிற பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று யார் கண்டது?

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டம் வடிந்த மறுநாள் கைடும் வந்தது. கோதண்டபாணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறந்தார். திறந்தவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கைடில் போட்டிருந்த நீதி: பெற்றோர் சொல் கேட்டல்.

வேறு ஒருவராக இருந்தால், இரண்டு நீதிகளுக்கு நடுவே ஒரு கதை இருக்கிறதே, அதையாவது பார்ப்போம் என்று தோன்றியிருக்கும். இவர் வகுப்புக்குப் போனார். "காலம் தவறாமைய அடி. பெற்றோர் சொல் கேட்டல்னு எழுது." அடித்தார்கள்; எழுதினார்கள். அப்பா போ என்றார், பெண் போகவில்லை, அதனால்தான் மழையில் நனைந்தாள் என்று விளக்கமும் கொடுத்தார். வானம்கூட அவருக்கு உதவி ஆசிரியராகிவிட்டது. இந்தத் தடவை கன்னியம்மாள் எழுந்து நிற்கவில்லை. பெஞ்சின் உயரம் அவளுக்குத் தெரியும்.

தை மாதத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் ஊருக்கு இன்ஸ்பெக்டர்கள் ஆசையோடு வருவார்கள். அரக்கோணத்துப் பக்கம் ஏதாவது கிராமத்துப் பள்ளிக்குப் போனால் தூசி கிடைக்கும். எங்கள் பள்ளிக்கு வந்தால் முருகன் தரிசனமும் பஞ்சாமிர்தமும் கிடைக்கும். அன்றைக்கும் நெற்றி நிறைய விபூதியோடுதான் ஏ பிரிவுக்குள் நுழைந்தார்.

"ரயில் வந்தது. நீதி யார் சொல்றீங்க?"

"பெற்றோர் சொல் கேட்டல்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். கோதண்டபாணி பூரித்துப்போய் நின்றார். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கினார். அவரும் அதே இனம், ஆனால் பெரிய சம்பளம். ஆகவே அவரும் படத்தைத்தான் பார்த்தார். உற்றுப் பார்த்தார்.

"பெஞ்சுக்கு அடியில வால் ஒண்ணு தெரியுதே, யாருது?"

"நாய்து சார்!"

"நாய்க்குச் சோறு வைக்கிறாளா இல்லியா? பிராணிகளிடத்தில் அன்பு! அதுதானேய்யா இந்தக் கதைக்கே உயிர்?"

"ஆமாங்க சார். அதத்தான் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் கோதண்டபாணி, கண் இமைக்காமல்.

இன்ஸ்பெக்டர் ஜீப் கிளம்பிப் போன புழுதி அடங்குவதற்குள் பெற்றோர் சொல்லும் அடிபட்டது. ஒரு பையன் பயந்துபோய்க் கேட்டான். "சார், பரிச்சைக்கு எது சார் எய்தணும்?"

"கடைசியா சொன்னது."

அந்த ஆண்டு முழுவதிலும் அவர் வகுப்புக்குச் சொன்ன ஒரே உண்மையான நீதி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதைக் கரும்பலகையில் எழுதவில்லை.

பரீட்சை வந்தது. 'ரயில் வந்தது என்னும் கதையின் நீதியை விளக்குக.' ஏ பிரிவு முழுவதும் பிராணிகளிடம் அன்பு காட்டியது. கன்னியம்மாள் இப்படி எழுதினாள்:

'இந்தக் கதையின் நீதி எனக்குத் தெரியவில்லை. பூங்காவனம் ஏன் ரயில் ஏறவில்லை என்று தெரியும். காலையில் அம்மா சிரித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பூங்காவனம் அதைப் பார்த்தாள். அப்பா வாசலில் இருந்தார், அவர் பார்க்கவில்லை.'

கோதண்டபாணி குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து முட்டை போட்டார். அந்த ஒரு கேள்வியில் தமிழ் போயிற்று. தமிழ் போனதால் வகுப்பு போயிற்று.

இந்த இனத்தாரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ரிசல்ட் ஒட்டிய அன்று அந்த எண்ணம் போய்விட்டது. ஜம்புலிங்கம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கோபக்காரர் இல்லை, குடிகாரர் இல்லை; நிதானமான மனிதர். பெயர்ப் பட்டியலைப் படித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார். சொன்னேன்.

"தமிள்லயா ஃபெயிலு?"

"ஆமாங்க."

"இங்கிலீசுல போனாக்கூட ஒரு நாயம் கீது. தமிளே ஏறலன்னா அப்பால இன்னாங்க கீது? வுடுங்க. வூட்ல தறிக்குத் தாருல நூலு சுத்த ஆள் இல்லாம இவங்கம்மா ஒத்தையா கெடந்து லோல்படறா. இனிமே அங்கியே இருக்கட்டும்."

"நைனா, நான் சரியாத்தான் எய்தினேன்" என்றாள் கன்னியம்மாள்.

"சரியா எய்தினா சார் ஏன்மா தப்பு போடப் போறாரு?"

 அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் நான் வாயைத் திறக்குமுன் மனோன்மணி டீச்சர் அங்கே வந்துவிட்டார். வந்தவர் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்டார், ஜம்புலிங்கத்தை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்தார்.

ஹெட்மாஸ்டர் பரந்தாமன் சமாதானப் பிரியர். இரண்டு ஆசிரியர்கள் சண்டை போட்டால் இருவருக்கும் மோர் வாங்கிக் கொடுப்பவர். கோதண்டபாணியை விடைத்தாள் கட்டோடு வரவழைத்தார்; அன்றைக்கும் மோர் வந்தது. மனோன்மணி டீச்சர் தொடவில்லை.

"அந்தப் பொண்ணு எழுதினது தப்பா சார்? நீங்க சொல்லுங்க" என்றார் கோதண்டபாணியிடம்.

"கேள்வி இன்னா? நீதியை விளக்குக. நீதியே தெரியாதுன்னு எழுதி வச்சிருக்கு. அதுக்கு மார்க்கா?"

"ரெண்டு மார்க்கு கையெழுத்துக்குன்னு போட்டு வுட்ருய்யா" என்றார் பரந்தாமன்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு சார்" என்றார் கோதண்டபாணி. ஓர் ஆண்டில் மூன்று நீதியை மாற்றியவர் வாயிலிருந்து கொள்கை என்ற சொல் எவ்வளவு கம்பீரமாக வருகிறது, பாருங்கள்!

மனோன்மணி டீச்சர் வாதாடவில்லை. பைக்குள்ளிருந்து பாடப்புத்தகத்தை எடுத்தார். முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். கோதண்டபாணி, தெரிந்த கதையை யாருக்குச் சொல்கிறாய் என்கிற தோரணையில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சிரித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்' என்ற இடம் வந்ததும் டீச்சர் நிறுத்தினார்.



கோதண்டபாணி மெல்லத் தலையை இறக்கினார். கை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். அந்த வரியைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"பி செக்‌ஷனுக்கு வேற புஸ்தகமா?"

"இல்ல சார். அதே புஸ்தகந்தான்."

மறுபடியும் அந்த வரிக்குப் போனார். உதடு அசையப் படித்தார். அங்கிருந்து கீழே, நாய், ரயில், பச்சைக்கொடி, மழை. 'எங்கும் ஒதுங்கவில்லை' என்ற இடத்தில் கண் நின்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு கணம் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. ஒரு மனிதர் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கதையைப் படித்து முடித்திருந்தார். எதுவும் பேசாமல் எழுந்து போயிருந்தால், கூடவே போய்த் தோளில் கை போட்டிருப்பேன்.

அவர் எழுந்து போகவில்லை. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கெடைச்சிடுச்சி சார்! தாயைப் பேணு! இதான் நீதி! அந்தப் பொண்ணு சரியான நீதியத்தான் எழுதியிருக்கு, முழு மார்க்கு போடணும்!"

போட்டார். அங்கேயே, சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, முழு மதிப்பெண். அதோடு நின்றாரா? மீதி விடைத்தாள் கட்டை அவிழ்த்தார்.

"இன்னாய்யா பண்றே?" என்றார் பரந்தாமன்.

"மத்தவங்கள்ளாம் பிராணிகளிடம் அன்புன்னு எழுதியிருக்காங்க சார். தப்பாச்சே! மார்க்க எடுக்கணும் இல்ல?"

"நீ சொல்லிக் குடுத்ததத்தானேய்யா எழுதிச்சுங்க?"

"அதுக்காகத் தப்பு சரியாயிடுமா?"

பரந்தாமன் அந்தக் கட்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் பணியில் செய்த ஒரே வீரச்செயல் அதுவாகத்தான் இருக்கும். மீதி மோரையும் அவரே குடித்தார்.

வெளியே வந்த கோதண்டபாணி கன்னியம்மாளின் தலையில் கை வைத்தார். "பாஸ்மா நீ! தாயைப் பேணுன்னு அருமையா எழுதியிருக்கே."

"நான் அப்டி எய்தலியே சார்."

"ஆங், அர்த்தம் அதானே?"

அவள் மனோன்மணி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக அசைத்தார். பெண் வாயை மூடிக்கொண்டாள். ஜம்புலிங்கம் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பாஸுன்னா போவட்டுங்க. நானா வேணாம்ன்றேன்?" என்றார். அவ்வளவுதான். ஓர் ஆயுளின் தலையெழுத்து இந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்த்தது எது? அவள் எழுதிய பதில் இல்லை. அதை இவர் தப்பாகப் புரிந்துகொண்டதுதான்.

கன்னியம்மாள் ஆறாம் வகுப்புக்குப் போனாள். அடுத்த ஆண்டும் ஐந்தாம் வகுப்பில் 'ரயில் வந்தது' நடந்தது. இந்த முறை கோதண்டபாணிக்குக் கைடு தேவைப்படவில்லை. கரும்பலகையில் வெகு தன்னம்பிக்கையோடு எழுதினார்: நீதி, தாயைப் பேணு. அதன் கீழே ஒரு சிறுவினாவும் இருந்தது. 'பூங்காவனத்தின் தாய் சுவரைப் பிடித்தது ஏன்? விடை: உடல்நலக் குறைவு.' "எழுதிக்கோ! சொல்லு!" பிள்ளைகள் கத்தின. உடல்நலக் குறைவு! உடல்நலக் குறைவு! மலை மேல் போகிறவர்களுக்குக் கூடக் கேட்டிருக்கும்.

டிரில்லுக்கு வரிசையில் நின்றிருந்த கன்னியம்மாளுக்கும் கேட்டது.

"உன் பதிலத்தான் எல்லாரும் மனப்பாடம் பண்றாங்க, பார்த்தியா?" என்றேன். அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

"ஆங் சார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவங்க யாரும் அந்த அம்மாவப் பார்க்கல சார்" என்றாள்.

நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றேன்.

கோதண்டபாணி ஓய்வு பெற்று, ஊர்ப் பெரியவராகி, கல்யாண வீடுகளிலும் கருமாதி வீடுகளிலும் நீதி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை. உங்களைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை. ஏனென்றால் இந்த இனத்தார் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதில்லை. நீங்கள் தபாலாபீசில் இருக்கலாம், பருத்தி மண்டி வைத்திருக்கலாம், வீட்டில் சும்மா இருக்கலாம். போன வாரம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார், இல்லையா? சண்டை போட்டுக்கொண்டு வடக்கே போன மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவர் பாதியில் இருக்கும்போதே, 'இதுலேர்ந்து இன்னா தெரியுதுன்னா, பிள்ளைங்களுக்கு ரொம்ப இடம் குடுக்கக் கூடாது' என்று நீங்கள் ஒரு போடு போட்டீர்கள். அவரும், 'ஆமாங்க, ஆமாங்க' என்று எழுந்து போய்விட்டார். நல்ல யோசனை சொன்ன திருப்தியில் நீங்களும் படுத்துத் தூங்கினீர்கள்.

எல்லாம் சரி. பையனுடைய பேரைச் சொல்ல வந்தவர் சொல்லாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாரே, அதைப் பார்த்தீர்களா?